வேலி தாண்டும் மண்

மாவாக அரைத்த புழுதியைத் தரையில் சமமாகப் பரப்பி, அதன்மேல் பலத்த காற்றை ஏவினால் அது பறந்துபோகும் என்றுதான் எவரும் சொல்வோம். பறக்காது. 1930களில் ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், மணலை ஆராய்வதற்கென்றே ஒரு காற்றுச் சுரங்கம் கட்டினார். அதன் தளத்தில் சிமெண்ட் தூளைப் பரப்பிப் பார்த்தபோது, சிறு கற்களை உருட்டக்கூடிய காற்றிலும் அந்தத் தூள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. நுண்துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. தரையை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கில் காற்றோட்டமும் அநேகமாக இல்லை. அவ்வளவு சிறிய துகள் அந்த அடுக்கை விட்டுத் தலைநீட்டுவதில்லை என்பதால், காற்று அதன் மேலாகவே போய்விடுகிறது.

அப்படியானால் 1934 மே மாதம் நடந்ததை எப்படி விளங்கிக்கொள்வது? மொன்டானா, டகோட்டா சமவெளிகளில் கிளம்பிய மண் இரண்டே நாளில் அமெரிக்காவின் பாதி அகலத்தைக் கடந்தது. சிகாகோவில் கொட்டியது. நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் பகல் மங்கியது. கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி அட்லாண்டிக்கில் சென்றுகொண்டிருந்த கப்பல்களின் தளங்களில்கூட அந்த மண் படிந்தது. 35 கோடி டன் இருக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். தானாக எழ முடியாத புழுதி, கண்டத்தின் நடுவிலிருந்து கடல்வரை போயிருக்கிறது.

அதை எழுப்பியது காற்று மட்டுமல்ல, இடையில் ஒரு தரகன் உண்டு. புழுதியைவிடப் பெரியதாகவும் சரளையைவிடச் சிறியதாகவும் இருக்கும் நடுத்தர மணல்மணிதான் அந்தத் தரகன். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இருக்கும் இந்த மணிகள், ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியவையும் அல்ல, அசைக்க முடியாத அளவுக்குக் கனமானவையும் அல்ல. காற்று ஓரளவு வலுத்ததும் இவை தரையிலிருந்து எம்பும். ஓர் அடி உயரத்துக்குள் ஒரு வளைவு போட்டு, காற்றின் வேகத்தை வாங்கிக்கொண்டு சாய்வாக வந்து இறங்கும். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் காய்களைச் சிதறடிப்பதைப் போல, இறங்கும் ஒவ்வொரு மணியும் தரையிலுள்ள வேறு சில மணிகளைக் கிளப்பிவிடும். அவையும் எம்பும், அவையும் வந்து இடிக்கும். இந்த இடியில்தான் பற்றிக்கொண்டு கிடந்த நுண்புழுதி உடைந்து மேலெழுகிறது. ஒருமுறை மேலெழுந்துவிட்டால் அது எளிதில் இறங்காது, ஆயிரக்கணக்கான மைல் போகும்.

மண் அரிப்பில் இந்தத் துள்ளலின் பங்கு மிகப் பெரியது. காற்றால் இடம்பெயரும் மண்ணில் பாதிக்கும் மேல் துள்ளியே நகர்கிறது என்று கான்சாஸ் மாநிலத்து மன்ஹாட்டன் நகரில் பல ஆண்டுகள் ஆராய்ந்த வில்லியம் செப்பில் அளந்து சொன்னார். வானத்தை இருட்டடிக்கும் கரும்புழுதி கண்ணுக்குத் தெரிகிறது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில் நடக்கும் துள்ளலை யாரும் கவனிப்பதில்லை. அந்தத் துள்ளலை நிறுத்தினால் புயலே நின்றுவிடும். 1930களின் அமெரிக்கா தன் வரலாற்றிலேயே மிக மோசமான மண் நாசத்திலிருந்து மீண்ட கதை, என் கணிப்பில், இந்த ஓர் அடி உயரத்துக்குள் நடந்த கதைதான்.

அந்த மண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ராக்கி மலைக்குக் கிழக்கே, டெக்சாஸ், ஒக்லஹோமா மாநிலங்களின் நீண்ட வடமேற்குத் துண்டுகள், மேற்குக் கான்சாஸ், தென்கிழக்குக் கொலராடோ, வடகிழக்கு நியூ மெக்சிகோ ஆகியவை சேர்ந்த சமவெளி. ஆண்டு மழை 500 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. மரமில்லை, காற்றுக்குத் தடையில்லை. ஆனாலும் அந்த மண் பல்லாயிரம் ஆண்டுகள் அங்கேயே இருந்தது. நீல கிராமா, பஃபலோ புல் என்ற இரண்டு குட்டைப் புற்கள் அதைக் கட்டிக் காத்தன. தரைக்கு மேலே அவற்றின் இலைகள் ஒரு சாண் அளவுக்குத்தான் வரும், கீழே வேர்கள் ஆள் உயரம்வரை இறங்கும். நெப்ராஸ்காவின் தாவரவியலாளர் ஜான் வீவர் புல்வெளிகளில் ஆழமான குழிகள் தோண்டி, வேர்களை ஒவ்வொன்றாகத் தடம் பிடித்து வரைந்து காட்டினார். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே செடியின் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் வாழ்கிறது. வறட்சி வந்தால் மேலே இலை கருகும், உயிர் கீழே காத்திருக்கும்.

கொமாஞ்சி, கயோவா, செயென் மக்களின் வேட்டை நிலம் அது. 1867இல் மெடிசின் லாட்ஜ் ஓடைக்கரையில் கையெழுத்தான உடன்படிக்கை அவர்களைச் சிறு ஒதுக்கிடங்களுக்குள் தள்ளியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவர்கள் வாழ்வுக்கு ஆதாரமான காட்டெருமைக் கூட்டங்கள் தோலுக்காகச் சுட்டுத் தீர்க்கப்பட்டன. பின்னாளில் அந்தச் சமவெளியின் மண்ணுக்கு எத்தனையோ நிவாரணம் நடந்தது. இந்த இழப்புக்கு நிவாரணம் நடக்கவில்லை. அமெரிக்கா தன்னைச் சீர்செய்துகொண்ட கதையைச் சொல்லும் எவரும் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகக்கூடாது.

பின்னர் கலப்பை வந்தது. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. கிழக்கே மழை நிறைந்த அயோவாவில் அது தாராளம், இந்த வறண்ட மேட்டில் ஒரு குடும்பத்துக்குக் கஞ்சிக்கும் போதாது. 1909இல் அதை 320 ஆக்கினார்கள், அதுவும் போதவில்லை. சிறிய துண்டு நிலத்தில் பிழைக்க வேண்டுமென்றால் ஓர் அங்குலம் விடாமல் உழுதாக வேண்டும். உழவு நடந்தால் மழை தானே பின்தொடர்ந்து வரும் என்றுகூட அந்நாளில் நூல்கள் எழுதி நம்பவைத்தார்கள். மானாவாரி வேளாண் வல்லுநர்களோ, மேல்மண்ணைப் பொடியாக்கி வைத்தால் அடியிலுள்ள ஈரம் காக்கப்படும் என்று கற்பித்தார்கள். பொடியாக்கப்பட்ட அந்த மேல்மண் காற்றுக்கு விரித்துவைத்த விருந்தாயிற்று.

முதல் உலகப்போரில் துருக்கி டார்டனெல்ஸ் நீரிணையை மூட, ரஷ்யக் கோதுமை ஐரோப்பாவுக்குப் போகும் வழி அடைபட்டது. அமெரிக்கக் கோதுமை புஷல் 2 டாலரைத் தாண்டியது. போர் முடிந்து விலை சரிந்ததும் விவசாயி என்ன செய்வான்? டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் வாங்கிய கடன் நிற்கிறது. விலை பாதியானால் விளைச்சலை இரட்டிப்பாக்கத்தான் முனைவான். 1925க்கும் 1930க்கும் இடையில் மட்டும் தென்சமவெளியில் 52 லட்சம் ஏக்கர் கன்னிப் புல்தரை உழப்பட்டது. அதற்கு உதவிய புதுவகைத் தட்டுக் கலப்பை வேகமாக உழுதது, மலிவாகவும் உழுதது, போகிற போக்கில் மண்கட்டிகளையும் பொடித்துவிட்டது. ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளைக் காற்றால் சாதாரணமாக அசைக்க முடியாது என்பது பின்னால் செப்பில் போன்றோர் கண்ட உண்மை. அந்தக் கலப்பை அசையாதவற்றையெல்லாம் அசைபவையாக மாற்றிக்கொண்டே போனது.

1931இல் அமோக விளைச்சல். விலை 40 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. அந்தக் கோடையிலேயே மழை தவறத் தொடங்கியது. விளைந்த கோதுமையை விற்க முடியாதவர்கள் மறுபடி விதைக்கவில்லை, பலர் நிலத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். புல்லும் இல்லாத, பயிரும் இல்லாத நிலம் லட்சக்கணக்கான ஏக்கர் வெறுமனே கிடந்தது. ஆள் இல்லாத அந்த வயல்களிலிருந்துதான் துள்ளல் தொடங்கியது.

மணல்மணிகளின் துள்ளலுக்கு வேலி தெரியாது. ஒரு வயலின் காற்று வரும் ஓரத்தில் சில மணிகள் எம்பினால், போகப்போக அவை கிளப்பும் மணிகள் பெருகும். பொடிமணலான நிலத்தில் சில நூறு அடிக்குள் காற்று தூக்கக்கூடிய அளவு முழுவதும் தூக்கிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தூக்கும் மண் ஏறக்குறைய எட்டு மடங்காகும். தன் வயலில் அறுவடைத் தாளை நிறுத்தி, பார் பிடித்து, எல்லாம் ஒழுங்காகச் செய்த விவசாயியின் நிலத்திலும் பக்கத்து வயலின் மணல் சரமாரியாக வந்து இறங்கி, அவன் காத்துவைத்த மண்ணையும் இடித்து எழுப்பிவிடும். அவனது முளைப்பயிரைச் சீவி எறியும். அவன் பட்ட பாட்டின் பலனும் அவனோடு நிற்பதில்லை. காற்று போகும் திசையில் இருப்பவர்கள் அதை இலவசமாக அனுபவிப்பார்கள். செலவு ஒருவனுக்கு, பலன் இன்னொருவனுக்கு என்றால் யார்தான் செய்வார்கள்? அதுவும் கோதுமை விதைத்தாலே வயிறு நிறையாத 160 ஏக்கர்காரன், காற்றைத் தடுப்பதற்காக ஒரு பகுதியைச் சும்மா போடுவானா? ஸெய்னெப் ஹான்சென், கேரி லிபிகேப் என்ற இரு பொருளியலாளர்கள் 2004இல் இதை விரிவாக ஆராய்ந்து, நிலம் சிறு துண்டுகளாகக் கிடந்ததே தடுப்பு வேலைகள் நடக்காமல் போனதற்கு முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். விவசாயிகளின் அறியாமையையும் பேராசையையும் பழிக்கும் நூல்கள் ஏராளம். எனக்கு இந்த விளக்கமே நியாயமாகப் படுகிறது. ஒவ்வொருவரும் தன் நிலைமையில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டே எல்லோரும் சேர்ந்து அழிய முடியும்.

1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. வாரக்கணக்கான புழுதிக்குப் பிறகு வானம் தெளிந்திருந்தது. மக்கள் துணி உலர்த்தினார்கள், தேவாலயம் போனார்கள், உலாவக் கிளம்பினார்கள். பிற்பகலில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியது. அதன் முகப்பில் கறுப்புச் சுவர் ஒன்று ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் உருண்டு வந்தது. உள்ளே அகப்பட்டவர்களுக்குத் தம் கையே தெரியவில்லை. துள்ளும் மணிகள் உராயும்போது பெரும்பாலும் சிறியவை எதிர்மின்னூட்டமும் பெரியவை நேர்மின்னூட்டமும் பெறுகின்றன. அந்த மின்சாரத்தால் எரியூட்டல் செயலற்றுக் கார்கள் நடுவழியில் நின்றன. ஓட்டுநர்கள் மின்னூட்டத்தைத் தரையில் இறக்கச் சங்கிலியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். கைகுலுக்கினால் அதிர்ச்சி தாக்கும் என்று ஆட்கள் ஒருவரையொருவர் தொடவே தயங்கினார்கள். மறுநாள் செய்தி அனுப்பிய ராபர்ட் கைகர் என்ற நிருபர் இந்தப் பகுதியைப் புழுதிக் கிண்ணம் என்று எழுதினார். அதுவே வரலாற்றுப் பெயராக நிலைத்தது.

வீடுகளில் ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணி தொங்கியது. தட்டுகளைச் சாப்பிடும் நேரம்வரை கவிழ்த்தே வைத்தார்கள். நுரையீரலில் மண் படிந்து நிமோனியா கண்டவர்களுக்காகச் செஞ்சிலுவைச் சங்கம் அவசர மருத்துவமனைகள் திறந்தது. குழந்தைகளும் முதியோரும் இறந்தார்கள்.

மண் போனது என்று சொல்லும்போது எந்த மண் போனது என்பதையும் கேட்க வேண்டும். 1937இல் வீசிய ஒரு புயல், டெக்சாஸ்–ஒக்லஹோமா மண்ணை அயோவாவின் பனித்தரைமேல் கொண்டுபோய்க் கொட்டியது. அந்தப் புழுதியையும், டெக்சாஸில் டால்ஹார்ட் ஊருக்கருகே குவிந்துகிடந்த மணல்மேட்டையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பறந்து போனதில் மணல்மேட்டைவிடப் பத்து மடங்கு மக்கிய பொருளும் ஒன்பது மடங்கு நைட்ரஜனும் இருந்தன. துள்ளல் ஒரு சல்லடையாக வேலை செய்து, சத்தையெல்லாம் வானுக்கு அனுப்பிவிட்டு வெறும் மணலை வயலில் விட்டுவைத்திருந்தது.

மழை ஏன் பொய்த்தது என்பதைப் பிந்தைய தலைமுறைதான் கண்டறிந்தது. அந்த ஆண்டுகளில் வெப்பமண்டலப் பசிபிக்கின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சற்றே குளிர்ந்தும், அட்லாண்டிக் சற்றே வெதுவெதுப்பாகவும் இருந்ததை நாசா ஆய்வாளர்கள் 2004இல் கணினி மாதிரிகள் வழியே பொருத்திக் காட்டினார்கள். மிகச் சிறிய வெப்ப மாற்றம், அதுவே ஈரக்காற்றின் பாதையைத் திருப்பப் போதுமானது. ஆனால் அந்தக் கணக்கில் வரும் வறட்சி, உண்மையில் நடந்த வறட்சியின் கடுமையை எட்டவில்லை. 2009இல் பெஞ்சமின் குக் முதலியோர் வெற்று நிலத்தையும் வானில் மிதந்த புழுதியையும் கணக்கில் சேர்த்தார்கள். புழுதி வெயிலைத் தடுத்து, தரையிலிருந்து ஆவியாவதைக் குறைத்து, மழையை இன்னும் குறைத்திருக்கிறது. வறட்சியின் மையமும் வடக்கே நகர்ந்தது. கடல் தொடங்கிவைத்த வறட்சியைக் கலப்பை பெருக்கிவிட்டது. மர வளையங்களின் சான்றுப்படி, கடந்த ஆயிரம் ஆண்டுகளில் வட அமெரிக்காவின் மிக மோசமான வறட்சி ஆண்டு 1934.

இந்தப் பேரழிவுக்கு மருந்து தேடியவர்களில் ஹ்யூ ஹாமண்ட் பென்னட் முதலில் நிற்கிறார். வட கரோலினாவில் பருத்தி விவசாயக் குடும்பத்தில் 1881இல் பிறந்தவர், வேளாண் துறையில் மண் ஆய்வாளர். 1905இல் வர்ஜீனியாவின் லூயிசா மாவட்டத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருந்த காட்டையும் வயலையும் தோண்டிப் பார்த்தார். காட்டில் மெத்தென்ற கருமண், வயலில் கட்டாந்தரைக் களிமண். ஒரே மண்ணாக இருந்தவைதாம் இரண்டும். வயலின் மேல்மண் யார் கண்ணிலும் படாமல், ஒவ்வொரு மழைக்கும் ஒரு மெல்லிய படலமாக உரிந்து போயிருந்தது. ஆனால் 1909இல் அவர் வேலை பார்த்த மண் ஆய்வுப் பணியகமே, மண் என்பது நாட்டின் அழிவில்லாச் சொத்து, தீர்ந்துபோகாத ஒரே வளம் என்று அறிவித்தது. அந்த ஓர் அறிக்கையை மறுப்பதிலேயே பென்னட் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 1928இல் மண் அரிப்பைத் தேசிய ஆபத்து என்று எச்சரித்து அவர் எழுதிய சிறு வெளியீட்டுக்குப் பிறகுதான் காது கொடுத்தார்கள்.

1935 வசந்தத்தில் செனட் குழுவின் முன் அவர் சாட்சியம் சொன்ன கதை அமெரிக்காவில் பிரசித்தம். சமவெளியில் கிளம்பிய புழுதி தலைநகரை எட்டும்வரை பேச்சை வேண்டுமென்றே நீட்டினார், ஜன்னல் இருண்டதும் உறுப்பினர்களிடம் அதைச் சுட்டிக்காட்டினார் என்பார்கள். சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை அது. அந்த ஏப்ரல் 27இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது என்பது பதிவான வரலாறு.

சட்டம் மண்ணைப் பிடித்து நிறுத்திவிடாது. வயலில் செய்ய வேண்டியதை ஒக்லஹோமாவின் குட்வெல் ஆய்வுப் பண்ணையில் ஹோவர்ட் ஃபின்னெல் 1920களிலேயே செய்துபார்த்து வைத்திருந்தார். சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாக உழுதால், விழும் சொற்ப மழையும் ஓடாமல் பள்ளங்களில் தங்கி மண்ணுக்குள் இறங்கும். அறுவடைக்குப் பின் தாளை எரிக்காமல், புரட்டாமல் நிற்கவிட்டால் ஓர் அடி உயரத் துள்ளல் அதில் மோதி விழும். கோதுமைத் தரிசுக்கிடையே சோளத்தைப் பட்டை பட்டையாகப் போட்டால், பெருகத் தொடங்கும் துள்ளல் பெருகுவதற்கு முன்பே பிடிபடும். காற்றுத் திசைக்குக் குறுக்கே பார் பிடித்து, அடியிலிருந்து கட்டிகளை மேலே கொண்டுவந்து விட்டால் அவசரத்துக்குப் புயலையே அடக்கலாம். புதிய இயந்திரமோ மருந்தோ எதுவுமில்லை. டால்ஹார்ட் அருகே மணல்மேடுகளைக்கூட இழுத்துத் தட்டையாக்கி, சோளமும் புல்லும் ஊன்றி நிலைப்படுத்திக் காட்டினார்கள்.

ஆனால் எல்லா வயலிலும் ஒன்றாகச் செய்தால்தான் இவை பலிக்கும். இங்கேதான், என்னை மிகவும் வியக்கவைக்கும் ஓர் ஏற்பாடு பிறந்தது. 1937 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். நிலத்தை உழுகிறவர்களே வாக்களித்து ஒரு மண் பாதுகாப்பு மாவட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். அதன் எல்லை ஓடையையும் மேட்டையும் பொறுத்து அமையும். அரசு மண் வல்லுநர்களையும் கருவிகளையும் தரும், வேலையற்ற இளைஞர்களைத் திரட்டி அமைத்த படையின் உழைப்பைத் தரும். என்ன செய்வதென்று முடிவெடுப்பவர்கள் அக்கம்பக்கத்து விவசாயிகள். அந்த ஆகஸ்டில் வட கரோலினாவில் பிரவுன் கிரீக் என்ற முதல் மாவட்டம் உருவானது. பென்னட் பிறந்த பண்ணை அதற்குள்தான் இருந்தது. இன்று இத்தகைய மண் பாதுகாப்பு மாவட்டங்கள் ஏறத்தாழ 3,000 நாடு முழுக்க இருக்கின்றன.

தன் நிலத்தில் தான் வைத்ததே சட்டம் என்று வளர்ந்த மக்கள் இதற்கு எளிதில் இசைந்துவிடவில்லை. தென்கிழக்குக் கொலராடோவில் சில மாவட்டங்கள் புல்தரையை உழக்கூடாது என்று விதிகூடப் போட்டன. கான்சாஸில், ஒருவர் நிலம் பறந்து அண்டையாருக்குக் கேடானால் உள்ளூர் நிர்வாகமே அதை உழுது அடக்கி, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கச் சட்டம் வந்தது. பெரும்பாலான இடங்களிலோ கட்டாயத்தைவிடப் பணமும் கண்முன் தெரிந்த பலனும்தான் ஆட்களைச் சேர்த்தன. பக்கத்து மாவட்டத்தில் பயிர் நிற்பதைப் பார்த்தவர்கள் தாமாக வந்தார்கள். 1939 இலையுதிர் காலத்தில் மழை திரும்பியது. மழைதான் காப்பாற்றியது என்று சொல்பவர்களுக்கு 1950கள் பதில் சொல்கின்றன. அப்போது தென்சமவெளியில் மீண்டும் கொடிய வறட்சி வந்தது, புழுதியும் எழுந்தது. ஆனால் 1930களின் அளவுக்கு நாசம் நேரவில்லை. அதற்குள் பண்ணைகள் பெரிதாகியிருந்தன, மாவட்டங்கள் வேலை செய்துகொண்டிருந்தன.

மரம் நடும் திட்டம் இதைவிடக் கண்ணைக் கவர்வது. 1935 மார்ச்சில் ஒக்லஹோமாவின் மேங்கம் ஊருக்கருகே முதல் கன்று ஊன்றப்பட்டது. 1942க்குள் வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ்வரை ஏறக்குறைய 22 கோடி மரங்கள், எல்லா வரிசைகளையும் சேர்த்து நீட்டினால் 30,000 கிலோமீட்டர். புல்லே தடுமாறும் இடத்தில் மரமா என்று வனத்துறையினரே ஏளனம் செய்தார்கள். பெரும்பாலான மரங்கள் பிழைத்தன. சுவராகக் காற்றை முழுக்க அடைக்கும் அடர்த்தியைவிட, பாதிக் காற்றை ஊடே விடும் வரிசையே நன்றாக வேலை செய்யும். முழுக்க அடைத்தால் காற்று மேலேறிப் பின்புறம் சுழன்று விழும். பாதி விட்டால் மர உயரத்தைப்போல இருபது மடங்கு தொலைவுக்கும் அது தணிந்தே போகும்.

உழுதிருக்கவே கூடாத நிலத்தை அரசு விலைக்கு வாங்கிப் புல்லுக்கே திருப்பியது. கான்சாஸில் மிகக் கொடுமையாக அடிபட்ட மார்ட்டன் மாவட்டத்தில் இன்று சிமரோன் தேசியப் புல்வெளி ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்திருக்கிறது. திருப்புவது சொல்லத்தான் எளிது. வடகொலராடோவில் 1930களில் கைவிடப்பட்ட வயல்களை அரை நூற்றாண்டு கழித்து அளந்தபோது, நீல கிராமா சில வயல்களில் மீண்டிருந்தது, சிலவற்றில் இன்னும் அரைகுறை. அந்தப் புல்லின் விதை முளைத்தால் மட்டும் போதாது. முளைத்துச் சில வாரத்தில், மேல்மண் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் ஈரமாக இருந்தால்தான் நாற்றின் நிலையான வேர்கள் புறப்படும். அந்த வறண்ட நாட்டில் அப்படிப்பட்ட வாரம் வருவது அரிது. கலப்பை ஒரு காலையில் புரட்டியதை அந்த அரிய வாரங்கள்தான், ஒவ்வொன்றாக, திருப்பித் தைக்கின்றன.

அமெரிக்கக் கலை நினைவில் வைத்திருப்பதோ, ஊரைவிட்டுப் போனவர்களை. டெக்சாஸின் பாம்பா ஊரில் அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமையின் கறுப்புப் புயலைக் கண்ட பாடகர் உடி கத்ரி விடைபெறும் பாட்டு எழுதினார். பேர் லோரன்ட்ஸ் 1936இல் அரசுப் பணத்தில் எடுத்த ஆவணப்படம் சமவெளியைக் கலப்பை உடைத்த கதையைச் சொன்னது. புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே அதே ஆண்டு கலிபோர்னியாவில் எடுத்த, குழந்தைகளோடு வெறித்துப் பார்க்கும் தாயின் படத்தை அறியாதவர் இல்லை. ஒக்லஹோமாவிலிருந்து புலம்பெயரும் ஜோடு குடும்பத்தின் கதையைச் சொல்லும் ஜான் ஸ்டைன்பெக்கின் நாவல் 1939இல் வந்தது. ஆனால் லாங்கே படத்திலுள்ள ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் செரோக்கி குலத்தவர், புழுதிப் புயல்களுக்குப் பல ஆண்டு முன்பே ஒக்லஹோமாவை விட்டு வந்தவர். ஸ்டைன்பெக்கின் ஜோடு குடும்பத்து ஊரான சாலிசா, புழுதிக் கிண்ணத்துக்கு மிகக் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பியவர்கள் பலர் குத்தகைக்காரர்கள். பயிர்ப்பரப்பைக் குறைக்க அரசு தந்த பணத்தை நில உரிமையாளர்கள் வாங்கிக்கொண்டு, டிராக்டர் வாங்கி, குத்தகைக்காரர்களை வெளியேற்றினார்கள். நிவாரணப் பணமே அவர்களைத் தெருவுக்குத் தள்ளியது. புயலின் நடுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் போகவே இல்லை. சமமட்டம் பார்த்து உழுதவர்களையும், மாவட்டக் கூட்டத்தில் அண்டை வீட்டாரோடு வாதாடியவர்களையும் பாடப் பெரிய கவிஞர் யாரும் வாய்க்கவில்லை. அவர்கள் செய்தது குறைந்த வேலை அல்ல.

சீர்செய்ததும் தன் பங்குக்குச் சிக்கல் தந்தது. காற்றைத் தடுக்க நட்ட கிழக்குச் செஞ்சீடார் மரம் இப்போது ஒக்லஹோமா, நெப்ராஸ்கா புல்வெளிகளுக்குள் கட்டுக்கடங்காமல் பரவிப் புல்லை விழுங்குகிறது. முன்பு அதை அடக்கியது தீ, தீயை அணைத்து வைத்ததும் மனிதர்கள். ஒரு பண்ணைக்காரர் தனியாகத் தீயிட அஞ்சுவார். எனவே அங்கே அண்டைப் பண்ணையார் ஒன்றுகூடி, தண்ணீர் வண்டிகளோடு முறைவைத்து ஒருவர் நிலத்தை மற்றவர்கள் வந்து எரித்துக் கொடுக்கும் சங்கங்கள் நடத்துகிறார்கள்.

அதைவிடப் பெரிய கவலை நிலத்தடியில். 1950களுக்குப் பிறகு சமவெளியைப் பசுமையாக்கியது மழையைவிட அதிகமாக ஒகல்லாலா நீர்ப்படுகைதான். தெற்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ்வரை எட்டு மாநிலங்களின் அடியில் அது கிடக்கிறது. கொலராடோ விவசாயி ஃபிராங்க் ஸைபாக் கண்டுபிடித்த, வட்டமிட்டுச் சுழலும் பாசனக் கருவி அந்த நீரை உறிஞ்சியது. அது சுழல இடம் வேண்டி 1930களில் நட்ட மரவரிசைகளைப் பல இடங்களில் வெட்டினார்கள். தென்பகுதிகளில் நீர் ஊறும் வேகத்தைவிடப் பன்மடங்கு வேகமாக இறைக்கப்படுகிறது. கிணறு வற்றும் வயல்கள் மீண்டும் மானாவாரிக்கு இறங்குகின்றன. அப்போது அந்த மண்ணின் மேல் என்ன நிற்கும் என்பது இன்றே தீர்க்க வேண்டிய கேள்வி.

பக்கத்து வயல் மண் நம் வயலைத் தாக்கியதைப் போலவே, நான் இறைக்காமல் விட்ட நீரைப் பக்கத்துக் கிணறு இறைத்துவிடும். வடமேற்குக் கான்சாஸின் ஷெரிடன் மாவட்டத்தில் ஒரு பகுதி விவசாயிகள் இதைக் கூடிப் பேசினார்கள். தங்கள் எல்லைக்குள் எல்லோரும் இறைப்பதை ஐந்தாண்டுக்கு 20 சதவீதம் குறைப்பது என்று தாங்களே வரைந்த விதியை மாநில அரசிடம் கொடுத்து, 2013இல் சட்ட வலுவோடு அமலாக்கினார்கள். ஓர் ஆண்டு மிச்சம் பிடித்ததை அடுத்த வறண்ட ஆண்டில் செலவிடலாம் என்று இடமும் வைத்தார்கள். நடைமுறையில் 20 சதவீதத்துக்கும் மேலாகவே குறைந்தது. மக்காச்சோள விளைச்சல் சற்றே இறங்கியது, செலவு அதைவிட இறங்கியதால் வருமானம் கெடவில்லை. 2017இல் தவணை முடிந்தபோது கூடி மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டித்தார்கள், அது முடிந்ததும் மறுபடியும்.